மூன்றாவது உபசாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மரைக்காயரே. சபைக்குள் நடந்ததை நான் என் கண்ணால் பார்க்கவில்லை. அப்போது நான் வாசலில், செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே நடந்ததெல்லாம் ஹூக்கா தூக்கும் கம்பர் வந்து சொன்னது. கம்பர் நல்லவன்தான், ஆனால் ஒரு புறா பறந்தால் பத்து பறந்தது என்பான். அதனால் அவன் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் யாருக்கும் சொல்கிறேன். எங்காவது கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தால், அது நான் கழிக்க மறந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்து உட்காருங்கள். அவ்வளவு வேண்டாம். ஆம், இப்போது சரி. நாகூரில் கப்பல் ஏறிப் பழகியவருக்கு இந்தக் கூடைப் பயணம் கஷ்டம்தான். கோவேறு கழுதைக்கு இரண்டு பக்கமும் கூடை, கூடைக்கு ஓர் ஆள். எடை சமமாக இருந்தால்தான் கழுதை நேராக நடக்கும். நான் மெலிந்தவன் என்று என் கூடையில் கல் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அதைக் கவனித்தும் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு. பூஷேர் துறைமுகம் வரைக்கும் நாம் இருவரும் ஒருவரை ஒருவர் விட்டு இறங்க முடியாது. ஒருவர் இறங்கினால் மற்றவர் கவிழ்ந்துவிடுவார். ஏதாவது பேசித்தானே ஆகவேண்டும்?

பேரீச்சம்பழமா? ஐயோ, வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள்.

என் பெயர் மீர்சா யாதுல்லா. எங்கள் பாரசீகத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெயருக்கு முன்னால் மீர்சா என்று போடுவார்கள். என் அப்பா கோவேறு கழுதை ஓட்டினார், அவருடைய அப்பாவும் அதே. அதுவரைக்கும் மீர்சாக்கள் எங்கள் குடும்பத்துக்குக் கழுதை மேல் ஏறி வந்திருக்கிறார்களே தவிர, பிறந்து வந்ததில்லை. நான்தான் முதல். மதரஸா முடித்துத் தலைப்பாகையோடு வீட்டுக்குப் போனபோது என் அம்மா என்னை உட்காரச் சொல்லக்கூடத் தயங்கினாள். எனக்கும் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்: யார் எங்கே உட்காரவேண்டும், யார் யாருக்கு எத்தனை முறை தலை வணங்கவேண்டும், எதை எத்தனை முறை மறுத்துவிட்டு வாங்கிக்கொள்ளவேண்டும் என்பதை ஐயமறக் கற்றுக்கொள்வது என்று. கற்றேன். மரியாதை நூலை முழுக்க மனப்பாடம் செய்தேன். குல்ஷனாபாத் அரண்மனையில் சபை மரியாதை சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், பட்டத்துச் சண்டையில் தோற்றவர்களோடு ஓடிப்போனார். அவர் ஓடியதும் முறைப்படி இல்லை, புழக்கடை வழியாக.

சபைக்கு மரியாதை சொல்லிக்கொடுக்கிறவன் சபைக்குள் உட்கார முடியாது. கழுதைக்காரர் மகன். வாசலோடு சரி. அது நியாயம்தான், விதி அப்படி.

பட்டத்துச் சண்டையைச் சொல்லவேண்டும். பெரிய ஷா சாகும்போது அடுத்தது யார் என்று சொல்லாமல் போனார். சொல்லாமல் என்று சொல்வதும் சரியில்லை. வந்து கேட்டவர்களிடமெல்லாம் 'நீதான்' என்று சொல்லியிருக்கிறார். அதுவும் ஒரு மரியாதைதானே? மூத்த மகன் இரண்டாம் மகனைப் பிடித்துக் கண்களை எடுத்துவிட்டார். எங்கள் அரச குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குருடன் ஆளக்கூடாது என்பது விதி. கூடப்பிறந்தவனைக் கொல்வது பாவம். அதனால் ஊசியைக் காய்ச்சிக் கண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டாமவரின் ஆட்கள் அவ்வளவு பார்க்கவில்லை. மூத்தவருக்கு ஒரு முலாம்பழத்தில் விஷம் வைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது மூன்றாமவர், ரூஸ்பே மீர்சா. பெயருக்குப் பின்னால் மீர்சா வந்தால் இளவரசர் என்று அர்த்தம். அரண்மனை முழுக்கத் தேடிக் கடைசியில் மொட்டைமாடியில் கண்டுபிடித்தார்கள். புறா விட்டுக்கொண்டிருந்தார்.

"ஹுஜூர், நீங்கள்தான் இனி ஷா" என்று கீழே நின்று பிரபுக்கள் கூவினார்கள்.

"சரி. இதுகள் இறங்கட்டும், வருகிறேன்" என்றாராம்.

புறாக்கள் இறங்குகிறவரைக்கும் பாரசீகத்தின் பிரபுக்கள் எல்லாரும் வெயிலில் அண்ணாந்தபடி நின்றார்கள். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். அவரைக் கண்டு எவருக்கும் பயமில்லை. வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். மாதுளை பூக்கிற காலத்தில் ஏறினார். பழம் வெடிக்கிறதற்குள் இறங்கிவிட்டார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ரூஸ்பே ஷாவைப் போல் மரியாதை தெரிந்த அரசர் இதுவரை இருந்ததில்லை, எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இல்லை என்று சொல்ல வராது. லாலாஸார் ஊருக்கு ஆளுநர் பதவி வேண்டும் என்று ஒருவர் வந்தார், கொடுத்தார். மறுநாள் இன்னொருவர் வந்தார், அவருக்கும் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் இன்னொருவர். மூன்று பேரும் போனார்கள். ஊர்க்காரர்கள் மூன்று பேருக்கும் விருந்து வைத்தார்கள். வரியை எவரிடம் கட்டுவது என்று முடிவாகிற வரைக்கும் கட்டாமல் இருப்பது என்று தீர்மானம் செய்தார்கள். இன்னும் முடிவாகவில்லை என்று கேள்வி. ஒரு கொலைகாரனுக்குத் தலையை எடுக்கத் தீர்ப்பு. தலையெடுக்கிறவன் தினமும் வந்து நிற்பான். "இன்று உனக்குச் சிரமம் வேண்டாமே" என்பார் ஷா. "தங்கள் தயவு" என்று அவன் போய்விடுவான். கைதி உண்டு உறங்கிக் கழுத்துப் பெருத்துவிட்டான். இனி என் வாள் போதாது என்று தலையெடுக்கிறவனே வருத்தப்பட்டான்.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்கிறேன், அது தெரிந்தால்தான் மற்றது புரியும். நேற்று சத்திரத்தில் நீங்கள் சொன்னீர்கள் அல்லவா? உங்கள் ஊர் விருந்தில் போதும் போதும் என்று தட்டுக்குக் குறுக்கே கையை வைப்பார்கள், ஆனால் விரல்களை விரித்து வைப்பார்கள் என்று. அதேதான். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு பொருளைப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னால், வீட்டுக்காரர் உடனே 'உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லவேண்டும். வந்தவர் 'ஐயோ, உங்களிடம் இருப்பதுதான் அழகு' என்பார். மறுபடி சொல்லவேண்டும். மறுபடி மறுப்பார். அதோடு தேநீர் வரும்.

பிறவிப் பிரபுக்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் நூலில் அப்படி இல்லை. அரசர் சொல்லும் உபசாரம் மூன்று முறை என்று தெளிவாக இருக்கிறது. மூன்றாவது முறையும் சொல்லிவிட்டால் அது மெய்யான உபசாரம். அதை மறுப்பது சொன்னவர் முகத்தில் உமிழ்வது. இரண்டோடு நிறுத்துகிறவர்கள் கஞ்சர்கள் என்பது என் அபிப்பிராயம்.

தலைமை மந்திரியான வஜீர் மீர்சா நஸீரிடம் இதைச் சொன்னேன். ஏழு தலைமுறை வஜீர் குடும்பம். தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"யாதுல்லா, என் மரியாதை தாய்ப்பாலோடு குடித்தது. உன்னுடையது கடையில் வாங்கியது. கடையில் வாங்கியவன்தான் முழத்துக்கு முழம் அளந்து பார்ப்பான். நான் கண்ணளவு."

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர், "கழுதைக்குப் பாரம் இரண்டு பக்கம்தான், இவன் மூன்றாவதும் ஏற்றுகிறான்" என்றார். நூலில் எனக்குப் பக்கம் தெரியும், வரி தெரியும். அவர்களுக்கு என்ன தெரியும்?

ஷாவுக்கு என்னைப் பிடித்திருந்தது. என்ன சொல்வதென்று தெரியாமல் தவிக்கிறவருக்கு, இதைச் சொல்லுங்கள் என்று ஒருவன் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? காலையில் மொட்டைமாடிக்கு வரச் சொல்வார். நான் விருந்தாளி, அவர் வீட்டுக்காரர் என்று வைத்துப் பழகுவோம். நான் கம்பளத்தைப் புகழ்வேன், கொடுப்பார். தோட்டத்தைப் புகழ்வேன், கொடுப்பார். ஒருநாள், கழுத்தில் மட்டும் கறுப்பு விழுந்த வெள்ளைப் புறா ஒன்று அவர் தோளில் உட்கார்ந்திருந்தது.

"நல்ல புறா, ஹுஜூர்" என்றேன்.

புறாவின் மேல் கையை வைத்துக்கொண்டு, "புறாவையுமா சொல்லவேண்டும், மீர்சா?" என்றார்.

"புறாவையும்தான், ஹுஜூர்."

முதல் முறை சொன்னார், குரல் வரவில்லை. இரண்டாவது முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது கண்ணில் நீர் நின்றது. மூன்றாவது ஆகிவிட்டதே, நான் மறுக்க முடியுமா? பழக்குகிற வேளையானாலும் விதி விதிதான். புறாவைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். விடிந்ததும் கட்டை அவிழ்த்தேன், நேரே பறந்து அரண்மனை மாடிக்கே போய்விட்டது. அன்றைக்கு ஷாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

"பார்த்தாயா மீர்சா, கொடுத்தால் திரும்பி வந்துவிடுகிறது!"

அன்றிலிருந்து மூன்றாவது முறை சொல்வதில் அவருக்கு இருந்த பயம் போய்விட்டது. அது என் பயிற்சியின் வெற்றி என்று நான் சொல்லிக்கொள்வதில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள்.

கழுதைக்காரர் ஏன் கத்துகிறார்? ஆ, நான் கையை ஆட்டக்கூடாதாம். "மீர்சா, கதையை வாயால சொல்லு, கூடை ஆடுது" என்கிறார். சரி அண்ணே, சரி. பேரீச்சம்பழம் மறுபடியும் கேட்கிறீர்கள், நன்றி. வேண்டாம் மரைக்காயரே. உண்மையாகவே.

இப்படி இருக்கும்போது அல்லாக்குலி கான் வருகிறார் என்று செய்தி வந்தது. இவர் ஷாவின் பெரியப்பா மகன். மலையில் ஆடு மேய்க்கும் குடிகளுக்குத் தலைவர். ஆயிரம் குதிரை வைத்திருக்கிறார், தாத்தா வழியில் பட்டத்துக்கு உரிமையும் வைத்திருக்கிறார். இதுவரை மலையைவிட்டு இறங்காதவர். இறங்கினால் எதற்கு இறங்குவார்? ஊர் பதறிவிட்டது. சேனாபதி அறுவடைக்கு விடுப்பு கேட்டு வாங்கியிருந்தார். அவர் போனார், படையும் கூடவே அறுவடைக்குப் போனது. வஜீர் மீர்சா நஸீருக்கு அன்று காலையில்தான் பல்வலி வந்தது. பல் பிடுங்க அடுத்த ஊர்தான் நல்லது என்று குடும்பத்தோடு கிளம்பினார். பல்லைப் பிடுங்க ஏழு ஒட்டகங்கள்.

ஷா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். புறாக்கள் மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"மீர்சா, ஊசியைக் காய்ச்சும்போது சத்தம் கேட்குமா?"

"அதைப் பற்றி நூலில் ஒன்றும் இல்லை, ஹுஜூர்."

"என் அண்ணனைப் பார்க்கப் போனேன். என் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். கொஞ்சம் தள்ளிச் சிரித்தார்." அப்புறம், "பட்டம் போனால் போகட்டும். இதுகள் எவ்வளவு உயரம் போகின்றன என்று பார்க்காமல் எப்படி இருப்பேன்?" என்றார்.

எனக்கு மனம் கஷ்டமாகிவிட்டது. "முறையாக உபசரித்த வீட்டில் பகை தங்காது, ஹுஜூர். ஒன்றும் குறையாமல் செய்துவிடுவோம்" என்றேன். அதை இன்றைக்கும் சொல்வேன்.

கான் வந்தார். பெரிய உருவம், ஆட்டுத்தோல் சட்டை, குதிரை வியர்வை வாடை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னேன். ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் கழற்றினார். தோள் இப்போதும் வலிக்கிறது. அவரோடு தாடி நரைத்த ஒரு கிழவரும் இரண்டு மூன்று ஆட்களும் உள்ளே போனார்கள். திரை விழுந்தது. இனிமேல் வருவது கம்பர் சொன்னது.

ஷா எழுந்து வரவேற்றாராம், சரி. பக்கத்தில் உட்காரச் சொன்னாராம், சரி. ஹூக்கா கொடுக்கச் சொன்னாராம், அதுவும் சரி. கான் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு அங்கும் இங்கும் பார்த்தார். பேச்சுக்குப் பழக்கமில்லாதவர். கூட வந்த கிழவர் விலாவில் ஓர் இடி இடித்தார். உடனே கான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, ஆசனம் நல்லா இருக்கு."

அரியணையைத்தான் சொன்னார். மயிலும் மாணிக்கமும் வைத்தது. யார் பார்த்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஷாவுக்கு முகம் வெளுத்ததாம். ஆனால் ஒரு நொடி தயங்கவில்லை என்றான் கம்பர். "உங்களுடையது, அண்ணா. எடுத்துக்கொள்ளுங்கள்."

கான் சிரித்துவிட்டார். "அட, போ தம்பி! எனக்கு எதுக்கு இது? குத்தும்."

"இல்லை அண்ணா, இது உங்களுக்குத்தான் பொருத்தம். எடுத்துக்கொள்ளுங்கள்."

"உக்காரு தம்பி, உக்காரு. உன்கிட்ட இருக்கிறதுதான் அழகு."

இரண்டாயிற்று. கம்பர் தேநீருக்குத் திரும்பினானாம். பிரபுக்களில் மிச்சம் இருந்தவர்கள் மூச்சுவிட்டார்களாம். அந்த இடத்தில் மீர்சா நஸீராக இருந்தால் நிறுத்தியிருப்பார். கண்ணளவு! ஆனால் ரூஸ்பே ஷா என் மாணவர். எழுந்து நின்றார், நெஞ்சில் கை வைத்தார், குனிந்தார். நான் கற்றுக்கொடுத்த குனிவு அது, முதுகு வளையாமல்.

"மூன்றாவது முறையாகச் சொல்கிறேன் அண்ணா. இந்த அரியணை உங்களுடையது."

சபையில் ஹூக்காவின் தண்ணீர்கூடக் குமிழியிடவில்லையாம். கானின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. மலைக்குடிகளிடம் மூன்றாவது சொல் சத்தியம் மாதிரி. அதைத் தள்ளினவன் வீட்டு ரொட்டியை எவரும் தொடமாட்டார்கள். கான் கிழவரைப் பார்த்தார். கிழவர் கூரையைப் பார்த்தார். கானுக்கு நெற்றி வியர்த்துவிட்டது. பந்திக்கு வந்தவன் தலையில் அண்டாவைக் கவிழ்த்தால் எப்படி முழிப்பான், அப்படி முழித்தார் என்றான் கம்பர்.

"சரி... தம்பி இவ்வளவு சொல்லும்போது..." என்று முனகிக்கொண்டே போய் ஓரமாக உட்கார்ந்தார். அவ்வளவுதான், மரைக்காயரே. ஒரு துளி இரத்தம் இல்லை, ஒரு குரல் உயரவில்லை. பட்டம் இவ்வளவு மரியாதையாகக் கை மாறிய செய்தி வேறு எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஆனால் பெற்றுக்கொண்டவர் பதிலுக்கு ஏதாவது கொடுக்கவேண்டும். அது மலையிலும் உண்டு. கான் கேட்டார்: "தம்பி, உனக்கு என்ன வேணும்?"

"உங்கள் அன்பு போதும், அண்ணா."

"சும்மா சொல்லு. என்ன வேணும்?"

"உங்கள் அன்பே போதும்."

இரண்டு முறை மறுக்கவேண்டும், மூன்றாவது முறை கேட்டதும் சொல்லவேண்டும். அழகாக மறுத்திருக்கிறார். ஆனால் கான் நூல் படித்தவரா? மூன்றாவது முறை கேட்கவில்லை. "சரி, போதும்னா போதும்" என்று தொடையைத் தட்டிவிட்டார். அப்போது அந்தக் கிழவர் குனிந்து, "கான், வழக்கம் ஒண்ணு இருக்கே" என்றார். கான் தரையைப் பார்த்தார். கிழவர் கம்பர் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, உன் சட்டியில கங்கு நல்லா இருக்கா?"

ஹூக்காவுக்கு வைத்த கங்கு. கம்பர் சட்டியைப் பின்னால் இழுத்ததில் ஒரு கங்கு கம்பளத்தில் விழுந்து பொசுங்கியது. அந்தப் பொத்தலை நான் பிறகு பார்த்தேன், இருக்கிறது. கிழவர் இடுப்பிலிருந்து தோல் தைக்கிற ஊசியை எடுத்தார். ரூஸ்பே அந்த ஊசியைப் பார்த்தார். பிறகு சாளரத்தைப் பார்த்தார். அதன் வழியாக மாடியில் புறாக்கூண்டின் ஒரு மூலை தெரியும். வாயைத் திறந்து மூடினாராம். மறுபடி திறந்தார்.

இதைச் சொல்லவே எனக்கு வாய் கூசுகிறது.

"அண்ணா, நீங்கள் மூன்றாவது முறை கேட்க மாட்டீர்கள் என்று தெரிகிறது. நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு என் கண் வேண்டும். இரண்டும் வேண்டும்."

கேட்காமலே கேட்டுவிட்டார், மரைக்காயரே! ஒரு ஷா! வாய்விட்டு! 'தங்கள் கருணை இருந்தால்' என்ற ஒரு சொல்கூட முன்னால் இல்லை. கம்பர் மிகைப்படுத்துகிறான் என்றுதான் முதலில் நம்பினேன். உள்ளே இருந்த இன்னும் இரண்டு பேரிடம் தனித்தனியாக விசாரித்தேன். அதே வார்த்தை. இத்தனை நாள் பயிற்சியும் கடைசி இடத்தில் கைவிட்டுவிட்டது. செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் அழுதேன்.

கான் பெருமூச்சு விட்டாராம், அவர் நெஞ்சிலிருந்துதான் ஏதோ இறங்கியது போல. "இதைச் சொல்ல இவ்வளவு நேரமா தம்பி? எடுத்துக்கோ. புறாவையும் ஓட்டிக்கிட்டுப் போ. யோவ் பெருசு, ஊசியை உள்ள வை."

ரூஸ்பே வெளியே வந்தார். போகிறவர் செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பிவைப்பது முறை. நான் திருப்பிவைத்தேன். செருப்பில் காலை நுழைத்தபடி என்னைப் பார்த்தார்.

"மீர்சா, இது திரும்பி வராது போலிருக்கிறதே."

"வரும், ஹுஜூர்" என்றேன். மரியாதைக்குத்தான்.

கான் எதற்கு வந்தார் என்று கேட்கவில்லையே? நான் கேட்டேன். கானின் குதிரைக்காரர்களிடம் கேட்டேன். அந்த ஆண்டு மலையில் மழை இல்லை. ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன. பனிக்காலம் முடிகிற வரைக்கும் அரண்மனைப் புல்வெளியில் மேய்க்க அனுமதி கேட்டு வந்திருக்கிறார். கேட்கப் போகிற இடத்தில் முதலில் எதையாவது புகழவேண்டும் என்று கிழவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். போர்ச் சேணம்கூட ஒரு குதிரையில் இல்லை. காணிக்கைக்கு ஐந்து ஆடு கொண்டுவந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் மக்கள் ஏனோ சிரிக்கிறார்கள். நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆசையில்லாதவருக்கு ஒருவர் கொடுத்தார், மனமில்லாமல் ஒருவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் முறை குறையவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கான் இப்போது ஆள்கிறார். கால் மரத்துப்போகிறது என்று புலம்புகிறார். அவருடைய ஆடுகள் ரோஜாத் தோட்டத்தை முடித்துவிட்டன. சபைக்கு வருகிற எவரும் வாயைத் திறந்து 'நல்ல' என்று தொடங்கினாலே வெளியே அனுப்பிவிடுகிறார். முதலில் வெளியே அனுப்பப்பட்டது நான்தான். "இவனா சொல்லிக்கொடுத்தவன்? இவனை என் வாசல் பக்கம் விடாதீங்க, நாளைக்கு என் ஆட்டையெல்லாம் கொடுக்கச் சொல்வான்" என்றார். மீர்சா நஸீர் திரும்பி வந்து வஜீராகவே இருக்கிறார், பல்லெல்லாம் அப்படியே இருக்கிறது. நான் பூஷேரில் கணக்கெழுதப் போகிறேன். உங்கள் பக்கத்தில் ஜமீன், தர்பார் என்று ஏதாவது இருந்தால், மரியாதை தெரிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லிவையுங்கள். கட்டாயம் இல்லை.

பேரீச்சம்பழப் பையைக் கட்டிவிட்டீர்களா? இல்லை, சும்மாதான் கேட்டேன்.

கடைத்தெருவில் ஒரு பேச்சு உலவியது: கான் வாக்கு மாறிவிட்டார், ஆளனுப்பி ரூஸ்பேயின் கண்களை எடுத்துவிட்டார் என்று. கேட்டதை அப்படியே நம்புகிறவன் நானில்லை. அவர் இருக்கிற கிராமத்துக்கு நடந்தே போனேன். ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் நான் வரும்போதே, தூரத்தில் ஒரு மண்வீட்டு மாடியிலிருந்து குரல் வந்தது.

"மீர்சா யாதுல்லா! தலைப்பாகையில் வைக்கோல்!"

தடவிப் பார்த்தேன். இருந்தது. எனக்கே தெரியாத ஒற்றை வைக்கோல்.

வீட்டடிக்குப் போய் அண்ணாந்து நின்றேன். முன்னைவிடக் கறுத்திருந்தார், கொஞ்சம் சதை போட்டிருந்தார். கழுத்துக் கறுத்த அந்த வெள்ளைப் புறா தோளில் இருந்தது. உள்ளிருந்து சமையல் வாசனை வந்தது. நான் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை.

"சாப்பிடுகிறாயா, மீர்சா?"

"தங்கள் அன்பு போதும், ஹுஜூர்."

"சரி" என்றார்.

அவ்வளவுதான். வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் நின்றேன். அடுத்த முறை கேட்பார் என்று நின்றேன். தொண்டையைக் கனைத்தேன். நிழல் மாறியது. கடைசியில் பேச்சைத் தொடங்கிவைப்போம் என்று, "நல்ல புறா, ஹுஜூர்" என்றேன்.

அதன் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, "ஆமாம், என்னுடையது" என்றார்.

பசியோடு திரும்பினேன். நீங்களே சொல்லுங்கள், இதுவா முறை? ஒரே ஒரு தடவை கேட்டது வெறும் வாயுபசாரமாகத்தான் இருக்கும், வீட்டில் ஒன்றும் இருந்திருக்காது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் எதையும் சரிபார்க்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது பக்கத்து வீட்டில் விசாரித்தேன். அன்று அவர் வீட்டில் வாத்துக்கறி. அக்ரூட் பருப்பை அரைத்து, மாதுளைச் சாறு விட்டுச் சமைத்தது. என்னை வாய்க்கால் கரையில் பார்த்ததுமே ஒரு தட்டு கூடுதலாக வைக்கச் சொன்னாராம். நான் போன பிறகு அந்தத் தட்டு அவர்கள் வீட்டுக்கு வந்ததாம்.